நூற்பட்டியில் ஒரு பெயர்: நூலகவியல் ஆய்வும் நூலகப் பணியும்

முன்னுரை

நூலகவியல் ஆய்வு ஒரு வழியிலும் நூலகப் பணி மற்றொரு வழியிலும் செல்கின்றன என்பது தமிழகத்தில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் குறை. பல்கலைக்கழகத் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளுள் கணிசமானவை வாசகர் வினாநிரல்களையும் மேற்கோள் எண்ணிக்கைகளையும் சார்ந்தவை. நூற்பட்டி எழுதுபவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஐயங்கள் அவற்றுள் அரிதாகவே இடம்பெறுகின்றன. அவர் எடுக்கும் முடிவுகளோ ஆய்வாகக் கருதப்படுவதில்லை; எக்காரணத்தால் எடுக்கப்பட்டன என்பதும் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. இவ்விடைவெளியைப் பொதுப்படப் பேசுவதினும், சிறிய சிக்கல் ஒன்றின்வழி அதனை அணுகுவது பயன்தரும். நூலாசிரியரின் பெயரை நூற்பட்டியில் எவ்வடிவில் பதிவது என்பதே அச்சிக்கல். தமிழ் ஆய்வாளர்க்கு இது வெறும் அலுவலகச் செய்தியன்று. தனித்தமிழ் இயக்க வரலாற்றின் சான்றுகள் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் ஓரளவு இதனைப் பொறுத்தே அமைகின்றன.

ஒரு கல்லூரி, மூன்று பெயர்கள்

இன்று தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் அங்கு இடம்பெயர்ந்தது. அதற்குமுன் அது சென்னை நகரின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கியது. அக்காலத்தில் அக்கல்லூரியின் தமிழாசிரியராக விளங்கியவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903). தமிழ் மொழியின் வரலாறு, நாடகவியல் முதலிய நூல்களை இயற்பெயரிலேயே வெளியிட்ட அவர், தனிப்பாசுரத் தொகை என்னும் நூலுக்கு மட்டும் பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டார். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் ஆயின. பின்வந்த தமிழுலகம் அப்புனைபெயரையே அவருக்குரிய பெயராகக் கொண்டது.

அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்தவர் வேதாசலம். கல்லூரிப் பணியை விட்டபின் பல்லாவரத்தில் குடியமர்ந்த அவர், 1916-இல் வேதம் என்பதை மறை எனவும் அசலம் என்பதை மலை எனவும் பெயர்த்து மறைமலையடிகள் ஆனார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை, பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை, சாகுந்தல நாடக மொழிபெயர்ப்பு ஆகியவை அதற்கு முன்பே அச்சேறியவை.

மூன்றாமவர் தமிழாசிரியர் அல்லர். அக்கல்லூரியில் கணிதம் பயின்று 1916-இல் முதுகலைப் பட்டம் பெற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், பிற்காலத்தில் ஆசிரியர் பெயர்களை எவ்வாறு பதிவது என்பதற்கே விதி வகுத்தார். விதி வகுத்தவரின் பெயரே தமிழ் நூற்பட்டிகளில் ரங்கநாதன், இரங்கநாதன், அரங்கநாதன் என மூன்று எழுத்துகளின்கீழ்ச் சிதறக்கூடியது.

பணியிலிருந்து பிறந்த கொள்கை

1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றபோது ரங்கநாதனுக்கு நூலகப் பயிற்சி இல்லை. ஆசிரியப் பணிக்கே திரும்பிவிட விரும்பினார் என்பர். அவ்வாண்டே இலண்டன் சென்று பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சிடம் நூற்பகுப்பைப் பயின்றார். அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டார். செல்ஃபிரிட்ஜ் கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளே கோலன் பகுப்புமுறைக்கு வித்தாயிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. அதனினும் கருதத்தக்கது, அம்முறை அச்சில் வருமுன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் நூல்கள் அதன்படி அடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன என்பது. 1925-இல் திரும்பியவர் நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் பகுப்புமுறையை 1933-இலும், பகுப்பு நூற்பட்டி விதிநூலை 1934-இலும் வெளியிட்டார். இடையே 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பெற்றது. அடுக்கில் எழுந்த இடர், பள்ளியில் வினாவாகி, நூலில் விதியாகி, மீண்டும் அடுக்குக்கே திரும்பியது. அறிவியல் முறையை அவர் பிற்காலத்தில் முடிவுறாச் சுழற்சியாக வரைந்து காட்டியதற்கு இப்பட்டறிவே அடிப்படை எனக் கொள்ளலாம்.

தலைப்புப்பக்கமும் தேடுபவரும்

ரங்கநாதன் வகுத்த நூற்பட்டி நெறிகளுள் இரண்டு இங்குப் பொருந்துவன. பதிவுத் தலைப்பை நூலின் தலைப்புப்பக்கத்திலிருந்தே உறுதிசெய்ய வேண்டும் என்பது ஒன்று. வாசகர் எப்பெயரால் தேடுவாரோ அப்பெயரே தலைப்பாக வேண்டும் என்பது மற்றொன்று. பெரும்பாலான நூல்களில் இரண்டும் ஒத்துச் செல்லும். மேற்கண்ட இரு தமிழாசிரியரிடத்து அவை முரண்படுகின்றன.

தமிழ் மொழியின் வரலாற்றின் முதற்பதிப்பு சூரியநாராயண சாஸ்திரியார் பெயரைத் தாங்கியது. இன்றைய மாணவர் அதனைப் பரிதிமாற் கலைஞர் என்றே தேடுவார். முதல் நெறியைக் கொண்டால் மாணவருக்கு நூல் கிட்டாது. இரண்டாம் நெறியைக் கொண்டாலோ, ஆசிரியர் அந்நூலில் இடாத பெயரை நூலகம் இட்டதாகும். பெயர் மாறியவிடத்துப் பிந்தைய பெயரைக் கொள்க என்பது ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டி விதிகளின் பொதுப்போக்கு. அது மறைமலையடிகளுக்குப் பொருந்தும், சாஸ்திரியாருக்குப் பொருந்தாது. அவர் பெயரை மாற்றிக்கொண்டவர் அல்லர். ஒரு நூலுக்குப் புனைபெயர் பூண்டவர் மட்டுமே. ஒருவர் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டார். மற்றவர் பெயரைப் பிறர் மாற்றினர். இவ்வேறுபாட்டை விதிநூல் எதுவும் நூலகருக்குச் சொல்லித்தராது. தமிழ் இலக்கிய வரலாறு கற்றவரே இதனைச் சொல்ல இயலும்.

இதற்கு நூலகவியல் தரும் கருவி பெயர்க்கோப்பு. ஒருவருடைய பெயர் வடிவங்கள் அனைத்தையும் ஒரே முடிச்சில் கட்டி, எவ்வடிவால் தேடினும் எல்லா நூல்களையும் காட்டுவது அது. தலைப்பாக எப்பெயரைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு பதிப்பின் தலைப்புப்பக்கத்திலும் உள்ள பெயரை உள்ளவாறே படியெடுப்பது இதனோடு சேர வேண்டும். முன்னது தேடுபவருக்கு, பின்னது வரலாற்றுக்கு.

பின்னது ஏன் இன்றியமையாதது என்பதற்கு அடிகளின் பதிப்புகளே சான்று. அவர் தம் முந்தைய நூல்களின் பிற்பதிப்புகளில் வடசொற்களைக் களைந்து தமிழ்ச்சொற்களைப் பெய்தார். அவர் 1902-இல் தொடங்கிய ஞானசாகரம் என்னும் இதழும் அறிவுக்கடல் என்று பெயர் மாறியது. தனித்தமிழ் நடை எவ்வாண்டில் எவ்வளவு தூரம் சென்றது என்று அளக்க முற்படும் ஆய்வாளருக்கு வேதாசலம் பெயரில் வந்த பதிப்பும் மறைமலையடிகள் பெயரில் வந்த பதிப்பும் இருவேறு சான்றுகள். பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட அறிக்கை, படைப்பு, அதன் மொழிவடிவம், அச்சு வெளிப்பாடு, கையிலுள்ள படி என நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டியது. இப்பிரிப்பை விளக்க மேலை நூலகவியலார் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரைக் காட்டுவர். தமிழ் வகுப்பறைக்கு அடிகளின் இரு பதிப்புகள் அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. இரண்டையும் ஒரே பதிவாக்கி, ஆண்டை மட்டும் மாற்றி எழுதும் நூற்பட்டி, மொழி வரலாற்றின் ஒரு சான்றை அறியாமலே அழித்துவிடுகிறது.

புணர்ச்சி, இடைவெளி, அகரவரிசை

அட்டை நூற்பட்டியில் பொறுத்துக்கொள்ளத்தக்க சிறு வேறுபாடுகள் கணினியில் பெருந்தடையாகின்றன. பரிதிமால் என்பது கலைஞர் என்பதோடு புணர்கையில் லகரம் றகரமாகத் திரியும். எனவே பரிதிமாற் கலைஞர், பரிதிமாற்கலைஞர், பரிதிமால் கலைஞர் என மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன. மனிதக் கண்ணுக்கு இவை ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்கு மூன்று. மறைமலையடிகள், மறைமலை அடிகள் என்பனவும் அவ்வாறே. முன்னெழுத்துகள் இதனை மேலும் பெருக்குகின்றன. வி.கோ. என்பதில் உள்ளவை விளாச்சேரி என்னும் ஊரும் தந்தை கோவிந்தசிவன் பெயரும். ஆங்கில முதலெழுத்தின்வழி எழுதுவோர் அதனை வி.ஜி. என்பர். சாஸ்திரி, சாஸ்திரியார், சாத்திரியார் என்னும் வேறுபாடுகளையும் சேர்த்தால், ஒரே ஆசிரியர் பத்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் தோன்ற இடமுண்டு. தமிழ்ப்பெயரில் குடும்பப்பெயர் இல்லாதவிடத்து இயற்பெயரின்கீழ்ப் பதிக என்று ஆங்கிலோ-அமெரிக்க விதிகள் கூறுகின்றன. ஆயினும் முன்னெழுத்து எம்மொழியில் விரியும் என்பதை அவை தீர்க்கவில்லை.

வரிசைச் சிக்கல் வேறு. யூனிகோடில் தமிழ் மெய்கள் மரபுவரிசையில் வைக்கப்படவில்லை. ரகரத்தை அடுத்து றகரமும், பின் லகரம், ளகரம், ழகரம், வகரமும் வருகின்றன. னகரம் நகரத்தை ஒட்டி நிற்கிறது. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் அமைகிறது. ஆய்தம் உயிருக்கு முன்னும், புள்ளி உயிர்மெய்க்குறிகளுக்குப் பின்னும் உள்ளன. குறியெண் வரிசையை அப்படியே கொண்டு அடுக்கினால் ‘மறை’ முன்னும் ‘மலை’ பின்னும் வரும். தமிழ் அகராதி மரபில் ‘மலை’யே முந்தும். ஆக, மறைமலை என்னும் பெயரின் இரு பகுதிகளே இச்சிக்கலைக் காட்டப் போதும். இதற்கான தமிழ் வரிசைவிதி பொது மொழித்தரவுத் தொகுப்பில் உள்ளது. நூலக மென்பொருளை நிறுவுபவர் அதனைத் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும். ஆய்வுலகில் தீர்ந்துவிட்ட சிக்கல் நூலக மேசையில் தீராதிருப்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை.

தென்புறநகரில் செய்யத்தக்கது

இச்சிக்கலை ஆராய்வதற்குச் சென்னையின் தென்புறநகர் ஏற்ற களம். அடிகள் பல்லாவரத்து இல்லத்தில் மணிமொழி நூல்நிலையம் என்னும் பெயரில் சுமார் 4,000 நூல்களைத் திரட்டி வைத்திருந்தார். 1950-இல் அவர் மறைந்தபின், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958-இல் அவற்றைக்கொண்டு இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தை நிறுவியது. பின்னர் அது கன்னிமாரா நூலக வளாகத்துக்கு மாறியது. தரமணியில், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் உள்ளன. தாம்பரத்தில் கல்லூரியின் மில்லர் நினைவு நூலகம் உள்ளது. இரு ஆசிரியர்களின் நூல்களை இந்நூலகங்களின் நூற்பட்டிகளில் ஒவ்வொரு பெயர் வடிவாலும் தேடி, எவ்வடிவுக்கு எத்தனை பதிப்புகள் கிடைக்கின்றன, எவை விடுபடுகின்றன என்று எண்ணிக் காட்டும் ஆய்வு ஒரு முதுகலை மாணவரின் ஆற்றலுக்கு உட்பட்டதே. அதன் விளைவு அட்டவணையாக ஆய்வேட்டில் உறங்காமல், பெயர்க்கோப்புப் பதிவாக நூலகங்களுக்கே செல்ல வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் சான்றான பதிப்பும் ஆண்டும் அப்பதிவில் குறிக்கப்பட வேண்டும். தமிழ்த்துறையும் நூலகவியல் துறையும் கூட்டாக நெறிப்படுத்தினாலன்றி இது நிறைவேறாது. பதிப்பை அறிந்தவர் ஒருவர், பதிவை அறிந்தவர் மற்றொருவர்.

வெளியீட்டிடத்துக்கும் இத்தகைய கோப்பு வேண்டும். அடிகளின் நூல்கள் பல பல்லாவரத்திலேயே வெளிவந்தன. அவ்வூர் தனி நகராட்சியாக இருந்து, 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உரியது. இடப்பெயரை இன்றைய ஆட்சிப்பிரிவுக்கேற்ப மாற்றி எழுதும் பதிவு, பல்லாவரம் ஒரு தமிழ் வெளியீட்டிடமாக விளங்கியதையே மறைத்துவிடும்.

கிளை நூலகங்களின் நிலை இவற்றினின்று வேறுபட்டது. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்வழி, சொத்துவரியோடு தண்டப்படும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சேர்கிறது. நூல்கள் பெரும்பாலும் மேலிருந்தே தேர்ந்து அனுப்பப்படுகின்றன. கிளை நூலகர், ‘பரிதிமாற் கலைஞர் எழுதியது’ என்று கேட்டு வருபவரிடம் சூரியநாராயண சாஸ்திரியார் பெயர் பொறித்த நூலை எடுத்துக் கொடுப்பவர். எப்பெயரால் நூல் தேடப்படுகிறது என்பதை நேரிற் கேட்பவர் அவரே. தேடும் தலைப்பு பற்றிய ரங்கநாதனின் நெறிக்குத் தேவையான தரவு அவர் மேசையில் நாள்தோறும் சேர்கிறது. ஆனால் அது மேலே செல்ல வழியில்லை. வாசகர் கேட்ட பெயர், நூலில் உள்ள பெயர், நாள் என மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பேடும், அதனை ஆண்டுக்கொருமுறை பெற்றுப் பெயர்க்கோப்பில் சேர்க்கும் பொறுப்புடைய ஒரு பல்கலைக்கழகத் துறையும் இதற்குப் போதும்.