மாதர் மறைக்கும் நோய்

வரிகளைப் பற்றியும் தேர்தல்களைப் பற்றியும் நாம் எழுதும் நாட்களில் வரிக்கு வரி படித்து வாதாட வருகின்ற நண்பர்கள், இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கண்டதும் முகஞ்சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவ்வாறு செய்யவேண்டாமென்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறோம். கர்ப்பப்பை தன் ஸ்தானத்தைவிட்டுக் கீழே இறங்கிவிடுவதும், இருமினாலும் தும்மினாலும் மூத்திரம் அடங்காமற் போவதும் நமது ஸ்திரீகளில் எத்தனையோ பேரை வாட்டும் துன்பங்கள். இவற்றுக்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. நூறாண்டுக்கு மேலாகவே உண்டு. அப்படியிருந்தும் நம் தாய்மாரும் சகோதரிகளும் பல்லாண்டு வாய்திறவாமல் இதைச் சுமப்பானேன் என்பதே நமது கேள்வி.

சிவகாசியை அடுத்த திருத்தங்கலை எடுத்துக்கொள்வோம். 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஊர் அது. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில்கொண்டிருக்கும் திவ்விய தேசம். சிலப்பதிகாரத்திலும் இவ்வூர்க் கதை ஒன்று உண்டு. குற்றமற்ற வார்த்திகனைக் காவலர் சிறையிலிட, அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். உடனே ஐயை கோயிற் கதவு அடைத்துக்கொண்டது. பாண்டியன் விசாரித்துப் பிழை திருத்திய பின்னரே அது திறந்தது. கணவனுக்காக அழுத பெண்ணின் குரல் அன்று அரசன் செவிக்கு எட்டிற்று. தன் தேகத்துக்காக அழும் பெண்ணின் குரலோ இன்று அடுத்த அறையில் இருக்கும் கணவனுக்கும் எட்டுவதில்லை.

இப்பிரதேசத்தின் ஜீவனம் தீப்பெட்டியும் பட்டாசும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து இதற்கு வித்திட்டார்கள் என்பது யாவரும் அறிந்ததே. பெண்களின் கைகளின்றி இத்தொழில் ஒருநாளும் நடவாது. விடியுமுன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, சமைத்து, ஆலைக்குப் போய் நாள் முழுதும் குந்தியிருந்து வேலைசெய்து, திரும்பி வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிறவள் நமது சகோதரி. இளவயதில் விவாகமாகி, அடுத்தடுத்துப் பிரசவித்து, பிரசவித்த சில வாரங்களுக்குள் பாரந்தூக்கத் தொடங்கியவளாகவும் அவள் இருந்தால் என்ன நேருமென்பதை வைத்தியர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

இடுப்பெலும்பின் அடியில் தசைகளும் நார்களும் சேர்ந்து ஒரு தூளியைப்போல் அமைந்து, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவத்தில் அந்தத் தூளி நைந்துபோகிறது. நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் பாரஞ்சுமத்தலும் அதை மேலும் கீழே அழுத்துகின்றன. மாதவிடாய் நின்றபின் திசுக்களின் வலுவும் குறைகிறது. முன்பக்கம் தளர்ந்தால் மூத்திரப்பை சரியும், நடுவில் தளர்ந்தால் கர்ப்பப்பை, பின்பக்கமாயின் மலக்குடல். ஆகவே பழுது கர்ப்பப்பையில் இல்லை, அதைத் தாங்கும் கட்டிலேதான் இருக்கிறது. வாசகர்கள் இதை மனத்திலிருத்த வேண்டும். ஏனெனில், "இறங்கிவிட்டது, எடுத்துவிடுவோம்" என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நாட்டில் மலிந்துவிட்டது. பந்தற்கால் சாய்ந்ததற்காகப் பந்தலைப் பிரித்தெறிவது போன்றது அது. கர்ப்பப்பையை எடுப்பது சில பெண்களுக்கு அவசியமே. ஆனால் தளர்ந்த சுவர்களைத் தைத்து, மேற்பகுதியை உறுதியான நாரோடு பிணைத்து நிறுத்தாமல் வெறுமனே எடுத்துவிட்டால், மிஞ்சிய பாகமும் பின்னொரு நாள் சரிந்து வரும்.

நோயின் ஆரம்ப நிலையில் கத்தியே வேண்டாம். அமெரிக்க வைத்தியர் ஆர்னால்டு கீகல் 1948இல் வெளியிட்ட தசைப் பயிற்சி இன்றும் முதற் சிகிச்சையாகவே இருக்கிறது. மூத்திரத்தை அடக்குவதுபோல அத்தசைகளை இறுக்கித் தளர்த்துவதை மாதக்கணக்கில் தவறாது செய்யவேண்டும். உள்ளே வைத்துத் தாங்கும் வளையமும் உண்டு. இவை போதாதபோதுதான் சஸ்திர சிகிச்சை. மான்செஸ்டர் நகரில் ஆர்ச்சிபால்டு டொனால்டு 1888இல் தொடங்கிய முறை கர்ப்பப்பையை எடுக்காமலே செய்வது. நமது பம்பாயில் டாக்டர் ஷிரோத்கர், கர்ப்பப்பையின் கழுத்தை இடுப்பின் பின்னெலும்போடு நாடாவினாற் கட்டி நிறுத்தும் முறையைக் கண்டார். டாக்டர் புரந்தரே வயிற்றுச் சுவரின் உறையிலிருந்தே பட்டையெடுத்துத் தாங்கவைத்தார். இன்னும் பிள்ளை பெறவேண்டிய இளம்பெண்களுக்கும் இந்நோய் வருவதைக் கண்ட நம்மவர்கள், அவர்கள் கர்ப்பப்பையைக் காப்பாற்றவென்றே யோசித்துச் செய்தவை இவை. சகலமும் மேல்நாட்டாரிடமிருந்தே வரவேண்டுமென்று எண்ணுவோர் கவனிப்பார்களாக.

மேல்நாட்டிலிருந்து வந்த ஒன்று தீங்காயும் முடிந்தது. பிறப்புறுப்பின் வழியே பிளாஸ்டிக் வலையைப் பதித்துச் சரிந்த உறுப்புகளைத் தாங்கவைக்கும் முறை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெகு வேகமாகப் பரவிற்று. வலை திசுவை அரித்து வெளிவருவதும் தீராத வலியும் பல தேசத்துப் பெண்களை வருத்தின. இங்கிலாந்து 2018இல் அதை நிறுத்திவைத்தது. அமெரிக்க சர்க்கார் 2019 ஏப்ரலில் இத்தகைய வலைகளின் விற்பனையை நிறுத்தும்படி உத்தரவிட்டது. மூத்திரம் அடங்காமைக்கு வைக்கும் சிறு நாடாவுக்கு அந்த அமெரிக்க உத்தரவு பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வீண் பீதி கொள்ளலாகாது. ஆயினும் தன் உடம்புக்குள் என்ன வைக்கப்படுகிறதென்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு.

உரிமையென்று சொன்னோம். வக்கீல் தொழிலில் இருக்கும் நாம் இவ்விஷயத்தில் சிறிது கூடுதலாகப் பேசுவதை வாசகர்கள் பொறுக்கவேண்டும். சுயநினைவோடிருக்கும் வயதுவந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவள் சம்மதமே சம்மதம். மயக்கத்திலிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைத் தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்று எடுத்த வழக்கில், அது செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவசியமின்றிக் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் விதிகளை மாகாணங்கள் யாவும் மூன்று மாதத்துக்குள் அமுலுக்குக் கொண்டுவரவேண்டுமென்று 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. அண்டை நாடான நேபாளத்தின் உச்ச நீதிமன்றமோ 2008லேயே, கர்ப்பப்பை இறக்கம் பெண்களின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயமென்று சொல்லிவிட்டது. இது அரசியலா என்று கேட்கும் நண்பர்களுக்கு அத்தீர்ப்பே விடை.

நிற்க, பெண்கள் ஏன் மறைக்கிறார்கள்? செங்கற்பட்டுக் கிராமங்களில் இந்நோய்கொண்ட பெண்களிடம் டி. கே. சுந்தரி ரவீந்திரனும் தோழியரும் 1990களில் கேட்டறிந்து எழுதினார்கள். சிகிச்சையின்றியே வருஷக்கணக்கில் பொறுத்து வயலிலும் வீட்டிலும் உழைத்துவந்தவர்களின் கதை அது. லஜ்ஜை ஒரு காரணம். ஆனால் முழுப் பழியையும் லஜ்ஜையின்மேற் போட்டுவிட நமக்கு மனமில்லை. சிகிச்சைக்குப்பின் ஆறு வாரமேனும், பலருக்கு மூன்று மாதம் வரையிலும், பாரந்தூக்கலாகாது. தூக்கினால் தைத்த கட்டு மறுபடி தளரும். அத்தனை நாள் கூலியை யார் தருவார்? இ.எஸ்.ஐ.யிற் பதிவாகிச் சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்ட பெண்ணுக்கு, வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 வீதம் நோய்க்காலப் பணம் கிடைக்கும். வைத்தியர் விதிக்கும் ஓய்வுக்கு அது ஏறக்குறைய போதும். பதிவேட்டில் பெயரேறாதவளுக்கும், வீட்டில் உட்கார்ந்து உருப்படிக் கணக்கில் வேலைசெய்கிறவளுக்கும் ஒன்றுமில்லை. விருதுநகரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மேஜை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். கூலியை இழந்து படுக்க அவளால் முடியவில்லை.

எனவே திருத்தங்கலிலும் சுற்றுப்புறங்களிலும் தொழிற்சங்க வேலைசெய்யும் நண்பர்கள், போனஸ் பேச்சுக்கு ஆலைக்குப் போகும்போது பதிவேட்டையும் புரட்டி, எத்தனை பெண்களின் பெயர் விட்டுப்போயிருக்கிறதென்று எண்ணிப்பார்க்கவேண்டும். டாக்டர்களும் ஓய்வுச் சீட்டில் நாட்கணக்கோடு நில்லாமல், குடந்தூக்கலாகாது, மூட்டை சுமக்கலாகாதென்று தமிழிலேயே எழுதித் தரட்டும். சீட்டை வாங்கிக்கொண்டு வீடுவந்தபின் அந்த மூன்று மாதமும் குழாயடிக்குக் குடத்தோடு போகவேண்டியவர், இப்பத்திரிகையைக் கையில் வைத்திருக்கும் கனவானே.