உதிரி பாகமும் அதன் எண்ணும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், தாமிரபரணிப் பாசனத்தின் செழுமை எட்டாத வறண்ட பூமியில், ஒரு புறம் செம்மணல் தேரியும் மறு புறம் உவரிக் கடலும் அருகிருக்க அமைந்த திசையன்விளையின் சுற்றுவட்டாரத்தில், பனையும் முருங்கையும் கிணற்று நீரை நம்பிய தோட்டப் பயிர்களுமே குடியானவருக்கு ஜீவாதாரம். முன்னாளில் கமலையும் மண்வெட்டியும் செய்துவந்த வேலைகளை, இந்நாளில் பம்பு செட்டும், மருந்தடிக்கும் ஸ்பிரேயரும், பவர் டில்லரும், தோளில் மாட்டிக் களையறுக்கும் பிரஷ் கட்டரும் ஏற்றுக்கொண்டுவிட்டன. யந்திரத்தை வாங்குவது எளிது. அது பருவத்தின் நடுவே நின்றுவிடும் நாளில் அதற்குரிய உதிரி பாகத்தைத் தேடிப் பிடிப்பதே கடினம். அத்தேடலுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. அது எவரும் கற்கக் கூடியதே.

பாகங்கள் தேய்வதற்கான காரணம் இவ்வூரில் காலடியிலேயே கிடக்கிறது. தேரி மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லின் துகள். அதனோடு இல்மனைட், கார்னெட் முதலிய கனிமங்களும் கலந்திருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்துக் காட்டும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் ஸ்தானம் 7. சுத்த அலுமினியத்தின் ஸ்தானமோ 3-ஐ எட்டுவதில்லை. ஆகவே, காற்றுக் காலத்தில் எழும் புழுதி கிழிந்த ஏர் பில்டரின் வழியே என்ஜினுக்குள் புகுந்துவிட்டால், அலுமினியக் கலவையில் வார்த்த பிஸ்டனையும், அதன் ரிங்குகளையும், சிலிண்டரின் உட்சுவரையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல் அராவித் தீர்த்துவிடும். கடற்காற்றின் உப்போ போல்ட்டுகளைத் துருவேற்றுகிறது. ஏர் பில்டர் ஒன்றை வேளாவேளைக்கு மாற்றுகிறவர் பிஸ்டன் வாங்கும் செலவைப் பல காலம் ஒத்திப்போடுகிறார்.

ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே அராவிப் பொருத்திய பழங்காலத்தில், ஒரு யந்திரத்தின் திருகாணி அதே மாதிரியான மற்றொரு யந்திரத்தில் பொருந்தும் என்ற நிச்சயம் கிடையாது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கில யந்திர நிபுணர், திருகின் மரைகளுக்கெல்லாம் பொதுவாக 55 பாகைக் கோணமும், இன்ன விட்டத்துக்கு அங்குலத்திற்கு இத்தனை மரை என்ற கணக்கும் வகுத்துரைத்தார். இத்தகைய பொது அளவு என்னும் தத்துவம் காலக்கிரமத்தில் பேரிங், பெல்ட், ஆயில் சீல் ஆகியவற்றுக்கும் பரவி, எங்கோ ஒரு தேசத்தில் செய்த பாகம் நம் தோட்டத்து யந்திரத்தில் பிசகின்றி அமர்வதைச் சாத்தியமாக்கிற்று. ஆதலால், இப்பாகங்களைத் தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது யந்திரக் கம்பெனியின் பெயரையன்று. பாகத்தின் எண்ணையும் அளவையுமே.

பழைய பேரிங் ஒன்றைத் துடைத்து, அதன் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பார்த்தால், 6204 என்பது போன்ற ஓர் எண் பொறித்திருக்கக் காணலாம். முதலில் நிற்கும் 6 குண்டு பேரிங்கின் ஜாதியையும், அடுத்த 2 அதன் பருமன் வரிசையையும், இறுதி 04 உட்துளையையும் குறிக்கின்றன. அந்த 04-ஐ 5-ஆல் பெருக்கினால் துளையின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 00, 01, 02, 03 ஆகிய நான்கும் இவ்விதிக்கு விலக்கு. அவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. துளையைக் குறிப்பன. 6204-இன் வெளிவிட்டம் 47, கனம் 14 மி.மீ.; 6304-க்குத் துளை அதே 20 ஆயினும் வெளிவிட்டம் 52, கனம் 15. ஓர் இலக்கம் பிசகினாலும் பாகம் பொருந்தாது. எண்ணின் பின்னால் இசட்-இசட் என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. 2ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர் மூடி. எண்ணெயில் நனைந்து ஓடாத, வெளிப்புழுதி படும் இடங்களுக்கு ரப்பர் மூடியே உசிதம்.

மற்றவையும் இவ்வாறே பேசும். பெல்ட்டின் முதுகில் பி 52 என்றிருந்தால், பி என்பது 17 மி.மீ. மேலகலத்தையும், 52 என்பது உட்சுற்றின் நீளத்தை அங்குலத்திலும் தெரிவிக்கின்றன. ஆயில் சீலில் உள்ள 25-40-7, தண்டின் விட்டம், சீல் அமரும் குழியின் விட்டம், கனம் என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது.

கண்ணை ஏமாற்றுவது போல்ட்டு ஒன்றுதான். 5/16 அங்குல விட்வொர்த் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; மெட்ரிக் வகையில் எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் அங்குலத்திற்கு 18 மரை. பின்னதில் ஏறக்குறைய 20. கோணமும் 55-க்குப் பதிலாக 60 பாகை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஸ்பானரால் வற்புறுத்தி முறுக்கினால், இரண்டு சுற்று ஏறிய பின் இறுகி, என்ஜினின் அலுமினிய உடம்பிலுள்ள மரையையே அறுத்துவிடும்.

பிஸ்டன், ரிங்கு, கார்புரேட்டர் போன்றவற்றுக்கு மாத்திரம் என்ஜினின் மாடல் அவசியம். இங்கும் ஒரு சௌகரியம் உண்டு. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1929-இல் லிஸ்டர் கம்பெனி வெளியிட்ட மந்தகதி டீசல் என்ஜினின் மாதிரியைப் பின்பற்றி, குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பல்லாண்டு காலம் என்ஜின்களும் உதிரி பாகங்களும் வார்த்துத் தள்ளின. ஹோண்டாவின் ஜி.எக்ஸ். 160 என்ற சிறு பெட்ரோல் என்ஜினைத் தழுவிப் பல பெயர்களில் வேறு என்ஜின்கள் வந்துள்ளன; அவற்றுள் பலவற்றுக்கும் மூலத்தைப் போலவே சிலிண்டரின் உள்விட்டம் 68 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 45 மி.மீ. விற்ற கம்பெனி மறைந்தாலும் மாதிரி மறைவதில்லை. அம்மாதிரியை அறிந்தவருக்குப் பாகம் கிடைக்கவே செய்கிறது.

ஆகையால் தோட்டக்காரர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுவே. யந்திரம் புதிதாயிருக்கும்போதே, புழுதியும் துருவும் தின்றுவிடுமுன், அதன் தகட்டிலுள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும், பேரிங், பெல்ட், சீல், பிளக் ஆகியவற்றின் எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ கடை தேடிப் போகும்போது, கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். புதிய பாகம் பொருந்தி யந்திரம் ஓடும் வரையில் அதை எறிந்துவிடாதீர்கள்.