வாரக் கூட்டச் செய்தி: எழுதி வைத்தால்தான் நிற்கும்



"கூட்டம் முடிஞ்சுது, பணம் எண்ணியாச்சு, நோட்டை அப்புறமா எழுதிக்கலாம்." இப்படி ஒரு தடவையாவது சொல்லாத குழு நம் கூட்டமைப்பில் இருக்கிறதா? நானும் பல கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மாவும் இருந்திருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், டவுனில் நான் பார்த்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரோட்டரி சங்கத்தில் ஒரு மாலை

போன வருஷம் எங்கள் தாலுகா டவுனில் உள்ள ரோட்டரி சங்கத்தில், மகளிர் குழுக்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர், வக்கீல், கடை முதலாளி எல்லாம் சேர்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் இடம் என்றுதான் நினைத்துப் போனேன்.

மாலை 7 மணி என்றால் 7 மணிக்குத் தலைவர் மணி அடித்தார். வந்தவர்கள் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். போன கூட்டத்தில் முடிவான வேலைகளில் எது முடிந்தது, எது நிற்கிறது என்று செயலாளர் வாசித்தார். அந்த வாரம் பிறந்தநாள், கல்யாண நாள் வருகிறவர்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அப்புறம் நான் பேசினேன், கேள்வி கேட்டார்கள். தேசிய கீதம் பாடிக் கூட்டத்தை முடித்தார்கள்.

பேசும்போது ஒரு கோரிக்கையும் வைத்தேன். நம் குழுக்கள் இருக்கிற ஒரு ஊராட்சியில் வயதானவர்கள் நிறையப் பேருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்தித் தர முடியுமா என்று கேட்டேன். "செஞ்சுடலாம்மா" என்றார் தலைவர். இந்தப் பதிலை எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். பெரிதாக நம்பவில்லை.

அடுத்த வாரம் அவர்களுடைய வாரச் செய்தித் தாளை எனக்கும் அனுப்பி வைத்தார்கள். மொத்தமே 4 பக்கம். எத்தனை பேர் வந்தார்கள், விருந்தினர் யார், நான் பேசியதன் சுருக்கம், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் "கண் பரிசோதனை முகாம்" என்று போட்டு, எந்த ஊராட்சி, எந்த மாதம், பொறுப்பு யார் என்று 3 வரி எழுதியிருந்தார்கள். பொறுப்பு எடுத்தவரின் பெயரை அச்சில் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் போன் செய்தேன். முகாமும் நடந்தது. வாயால் சொன்ன "செஞ்சுடலாம்மா" எழுத்தில் வந்த பிறகு வேலையாக மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

இந்தச் சங்கம் எப்படி வந்தது?

1905 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 4 பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில் செய்பவர். பெரிய நகரத்தில் ஒருவருக்கொருவர் துணை வேண்டும் என்று கூடியவர்கள் அவர்கள். இந்த வாரம் உன் ஆபீஸ், அடுத்த வாரம் என் ஆபீஸ் என்று முறை வைத்து மாறி மாறிக் கூடினார்கள். அப்படிச் சுழன்று வந்ததால்தான் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. நம் குழுக்களிலும் இந்த வாரம் ஒரு வீட்டுத் திண்ணை, அடுத்த வாரம் இன்னொரு வீட்டுத் திண்ணை என்று கூடுகிறோமே, அதே மாதிரிதான்.

அவர்கள் ஊருக்காக எடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று 1907-ல் முயற்சி எடுத்ததுதான். சென்னையில் 1929-லேயே ரோட்டரி சங்கம் வந்துவிட்டது. போலியோவை ஒழிக்கும் வேலையை உலக அளவில் 1985-ல் கையில் எடுத்தார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துச் சுண்டுவிரலில் மை வைத்தார்களே, அந்த வேலையில் அரசாங்கத்தோடு இவர்களும் நின்றார்கள். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று, நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு செய்த சங்கத்தில் ரொம்ப காலம் பெண்களுக்கு இடம் இல்லை. 1977-ல் கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் சங்கம் பெண்களைச் சேர்த்தது. அதற்காக அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1989-ல் உலகம் முழுவதற்கும் விதியை மாற்றினார்கள். ஜெனிபர் ஜோன்ஸ் என்ற பெண் உலகத் தலைவராக வந்தது 2022-ல்.

அதே 1989-ல்தான் நம் தமிழ்நாட்டில், தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அங்கே பெண்களுக்குக் கதவு திறந்த வருஷத்தில், இங்கே நம் பெண்கள் தங்களுக்கென்று கூட்டம் போட ஆரம்பித்தார்கள்.

நம் கூட்டத்தில் நடந்தது

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். குழுவின் பெயரும் ஊரும் வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம். எல்லோருக்கும் அவசரம். ஒரு அக்கா 1,500 ரூபாய் கடன் தவணை கட்டினார். பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டார்கள். அன்றைக்கு எழுதுகிற பெண் வரவில்லை. "அடுத்த வாரம் சேர்த்து எழுதிக்கலாம்" என்றார் ஊக்குநர். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்குக் கடைசி பஸ். ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் தீபாவளி, கூட்டமே இல்லை. அதற்கடுத்த வாரம் எழுதியபோது அந்த 1,500 விட்டுப்போனது. 3 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் அந்த அக்கா பெயரில் பாக்கி நிற்கிறது. "நான் குடுத்தேன், சாமி சத்தியமா குடுத்தேன்" என்கிறார் அவர். "குடுத்திருந்தா நோட்டுல ஏன் இல்ல?" என்கிறார்கள் மற்றவர்கள். 6 வருஷம் ஒன்றாகச் சேமித்தவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். என்னைக் கேட்டார்கள். அவர் பணம் நீட்டியது எனக்கு ஞாபகம் இருந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. கடைசியில் பாதியைக் குழுப் பணத்திலிருந்து கழித்தார்கள். மீதி 750 ரூபாயை அந்த அக்கா இரண்டாம் முறையாகக் கட்டினார். 4 நாள் கூலி அது. அன்றைக்கு ஒரு 10 நிமிஷம் நான் உட்கார்ந்து எழுத வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

ரோட்டரி சங்கத்தில் ஒரு வாரச் செய்தி விட்டுப்போனால் யாருடைய சோறும் போகாது. அவர்களே அவ்வளவு அக்கறையாக எழுதுகிறார்கள். நம் நோட்டில் இருப்பது நம்முடைய கூலிப் பணம்.

எப்படி எழுதுவது?

முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், சரியான தவணை, சரியான கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தையும் 'பஞ்ச சூத்திரம்' என்று பயிற்சியில் படித்தோம். ஐந்தாவது இல்லாவிட்டால் மற்ற நாலையும் நிரூபிக்க முடியாது. வங்கியில் கடன் கேட்டுப் போனாலும் தீர்மானத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் கீழ்க்கண்டவற்றை மறக்காதீர்கள்.

1. கூட்டம் கலையும் முன்பே எழுதி முடியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எழுத வேண்டாம்.

2. தேதி, நேரம், இடம், வந்தவர்கள், வராதவர்கள் பெயர் எழுதுங்கள்.

3. சேமிப்பு, தவணை, புதிய கடன் ஒவ்வொன்றையும் ஆள் வாரியாக எழுதுங்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். அவரவர் பாஸ்புக்கிலும் அப்போதே ஏற்றுங்கள்.

4. ஒரு முடிவு எடுத்தால் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசியுங்கள்.

5. பென்சில் வேண்டாம். தப்பு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் வெற்றிடம் விடாதீர்கள்.

6. எழுதுகிறவர் வராவிட்டால் எழுத இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்களா?

7. எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகுதான் கையெழுத்தும் கைநாட்டும்.

நம் இதழுக்கும் செய்தி அனுப்புங்கள்

பல குழுக்கள் அனுப்பும் செய்தி இப்படி இருக்கிறது: "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது. பல விஷயங்கள் விவாதிக்கப்பட்டன." இதைப் படித்து அடுத்த ஊர்க்காரர் என்ன தெரிந்துகொள்வார்?

இப்படி எழுதிப் பாருங்கள்: "16 பேரில் 14 பேர் வந்தோம். ஆளுக்கு 50 வீதம் 700 ரூபாய் சேமிப்பு. ஒரு உறுப்பினருக்கு ஆடு வாங்க 5,000 ரூபாய் உள்கடன், 10 தவணை. எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுப்பது என்று முடிவு. இரண்டு பேர் பொறுப்பு." சில வரிகள்தான். விளக்கு எரிந்ததா இல்லையா என்று மறு இதழில் எல்லோரும் கேட்போம். கேட்பார்கள் என்று தெரிந்தால் நாமும் விடாமல் முயற்சி செய்வோம்.

அந்த அக்கா இன்னும் குழுவில்தான் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் கைநாட்டு வைக்கும் முன் நோட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்க, வாசி" என்கிறார். வாசித்த பிறகுதான் கட்டை விரலை மையில் வைக்கிறார். எனக்குப் பஸ் போனாலும் பரவாயில்லை என்று நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

வரும் கூட்டத்தில் உங்கள் குழுவிலும் ஒருவர் "வாசி" என்று கேளுங்கள்.