அறுத்த புல் மீண்டும் தழைக்கும் காலம்

கம்பு நேப்பியர் கோ-4 பயிரிட்டுள்ள நம் அங்கத்தினர்கள், நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் அறுப்பு, பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை என்ற கணக்கை அறிவர். 2008-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இவ்வொட்டுப் புல்லுக்கு அக்கணக்கு பொருத்தமே. எனினும் மார்கழிப் பனியில் புல் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. வெப்பத்தில் விரைந்து வளரும் இனமாதலின் குளிரில் தூர் மெல்லவே துளிர்க்கும்; சில நாட்கள் பொறுத்தல் நலம். பொறாது தரையோடு அறுத்தால் தூரில் சேமித்த சத்து குன்றி, அடுத்த அறுப்பும் மெலியும். மழைக்காலத்தில் தாமதித்தாலோ தண்டு முற்றிப் புரதம் குறையும். மாடும் அதை ஒதுக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பாலாற்றோரக் கிணறுகள் சிலவற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பு வேறு. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் மட்டும் நிலத்தடி உப்பு நீங்கிவிடாது. அங்கே தழைவு பிந்தினால் உரத்தைக் கூட்டுமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம்.