அடியில் இருக்கும் பொடி எழுத்து

டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அந்தத் தேர்தல் நோட்டீஸைப் பிரியுங்கள். பரணில் கிடக்கும் பழைய தேர்தல் தாள்களில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. பதினைந்து நாளில் குப்பைக்குப் போகிற காகிதத்துக்கு ஆண்டு எதற்கு என்று விட்டிருப்பார்கள். சின்னம்தான் காட்டிக்கொடுக்கும்.

காங்கிரஸ் நோட்டீஸில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை என்றால், 1969 பிளவுக்கு முந்தியது. பசுவும் கன்றும் என்றால் 1971 அல்லது 1977. கை வந்தது 1978-இல். ஜெயலலிதா படத்தோடு சேவல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 1989 ஜனவரி. அ.தி.மு.க. பிளந்து இரட்டை இலை முடங்கியிருந்த நேரம். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவல் அந்த ஒரு தேர்தலில்தான் கூவியது. தஞ்சாவூர்த் தொகுதியில் பரிசுத்த நாடாரும் மு. கருணாநிதியும் மோதிய 1962 தாள் கிடைத்தால், யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, அடியில் உள்ள பொடி எழுத்து. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961-இல் சேர்ந்த 127ஏ பிரிவுப்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் தாளிலேயே இருக்க வேண்டும். கும்பகோணத்தில் எந்தத் தெரு அச்சகம், யார் வெளியிட்டது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. பிரேம் போடும் கடையில் ஓரம் கோணல் என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

அமெரிக்காவில் 1896 மெக்கின்லி–பிரையன் தேர்தலில் பரவிய செல்லுலாய்டு பேட்ஜுகளைத் தேடிச் சேர்க்க ஒரு கூட்டமே உண்டு. பேட்ஜ் கெட்டி. நம்மிடம் இருப்பது மட்டமான மரக்கூழ்த் தாள். தன்னிடமுள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். ஐப்பசி அடைமழையில் குண்டூசி துருப்பிடித்துத் தாளை ஓட்டை போடும். ஆகவே முதலில் ஊசியை எடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுப்பேறிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. போட்டால் பிரிக்க முடியாது. அமிலமில்லாத தாளுக்கு நடுவே, மடிக்காமல், தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள்.

ராமபாணப் பூச்சிக்குத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தின் வழி இருக்கிறது: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்த துணி முடிச்சு. ஏட்டுக்குக் காவல் நிற்பது நோட்டீஸுக்கும் நிற்கும். தாளில் படாமல் பெட்டி மூலையில் வைத்து, மணம் போனதும் மாற்றுங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் விடாமல் சேர்த்தார். 1994 முதல் அவை சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. உங்கள் தாளுக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்கலாம். அதுவரை, எந்த ஊர், யார் வீட்டுப் பரண் என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். பென்சிலால் மட்டும், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.