ஒரு யூனிட் ஜல்லி எத்தனை டன்?

முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல் என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட் கணக்கில் கொட்டப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மேஸ்திரிக்கும் லாரிக்காரருக்கும் அந்தக் கணக்கு போதும். ஆனால் சட்டம் கிலோவில்தான் கணக்குப் பார்க்கிறது. பிரேக்கும் அச்சும் சாலையும் அப்படித்தான். சொந்தமாக ஒரு லாரி வாங்க நினைப்பவர் யூனிட்டை டன்னாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஷோரூம் பக்கம் போக வேண்டும்.

100 கன அடி என்றால் 2.83 கன மீட்டர். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக இருந்த இதே பாறையை ஆராய்ந்து நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. இந்தப் பாறை ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன் இருக்கும். உடைத்து ஜல்லியாக்கினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இடம்பிடிக்கிறது, எடை 1.5 டன்னாக இறங்குகிறது. ஆக ஒரு யூனிட் ஜல்லி சுமார் 4.2 டன். எம்-சாண்டில் பொடி இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் அதே யூனிட் 4.8 டன் வரை போகும். மழையில் நனைந்திருந்தால் 5 டன்னும் ஆகும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டிகளை மொத்த எடையால் பிரிக்கிறது. 7,500 கிலோ வரை இலகுரக வாகனம், 12,000 கிலோவுக்கு மேல் கனரகம், நடுவில் இருப்பது நடுத்தர வகை. மொத்த எடை என்பது காலி வண்டியும் அது ஏற்றிச் செல்ல அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்தது. வெறும் சுமையை மட்டும் எண்ணிக்கொண்டு ஏமாறுபவர்கள் நிறைய.

கார் ஓட்டும் உரிமத்தை வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டலாமா என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தது. விபத்து நடந்தால், ஓட்டுநரிடம் தனி உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதாடின. 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரம்பா தேவி வழக்கில் முடிவு சொன்னது: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன உரிமமே போதும். அதைத் தாண்டினால் போக்குவரத்து வாகனத்துக்கான உரிமம் வேண்டும். ஒரே ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இந்த எல்லையை ஒட்டியே 7,490 கிலோ வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. டிப்பர் தொட்டியும் ஹைட்ராலிக்கும் பொருத்திய பின் அப்படி ஒரு வண்டி காலியாகவே மூன்றரை டன்னை நெருங்கும். மிச்சம் நான்கு டன். ஒரு யூனிட் ஜல்லியே சட்டப்படி அதில் அடங்காது! தொட்டியில் இடம் இருப்பதால் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர் லாரிக்கு மனக்கணக்கே போதும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. 6,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீரே 6 டன். அந்த வண்டி எப்படிப் பார்த்தாலும் இலகுரகம் ஆகாது.

கொஞ்சம் கூட ஏற்றினால் என்ன ஆகிவிடும்? இதற்கு வியக்கவைக்கும் விடை 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிடைத்தது. இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சாலையின் சேதம் அச்சின் எடைக்கு நேர் விகிதத்தில் கூடவில்லை, ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடியது. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. அரை டன் தாங்கும் கார் அச்சு ஒருமுறை கடப்பதையும் 10 டன் தாங்கும் லாரி அச்சு கடப்பதையும் ஒப்பிட்டால் 1,60,000 மடங்கு வித்தியாசம். வேளச்சேரி சாலையில் பள்ளம் விழுந்தால் கார்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால்தான் மொத்த எடைக்கு மட்டுமன்றி ஒவ்வொரு அச்சுக்கும் வரம்பு உண்டு. 2018-இல் அந்த வரம்புகள் உயர்த்தப்பட்டன. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு இப்போது 11.5 டன். அதில் 14 டன் ஏற்றினால் கூடுதல் எடை ஐந்தில் ஒரு பங்குதான், சேதமோ இரண்டு மடங்குக்கும் மேல். சுமை பின் அச்சுக்கும் பின்னால் குவிந்தால் இன்னொரு ஆபத்து: முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அதிக சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

வாங்கப் போகும் வண்டி பழையதானால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, டீசல் நிரப்பி, ஓட்டுநரையும் உட்காரவைத்து, காலியாக ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது ஐந்து டன்னுக்குக் குறைவென்றால் அந்த வண்டியில் ஈர எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.