ஜோக்கரை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறான்?

பேட்மேன் யாரையும் கொல்ல மாட்டான் என்பது ரசிகர்களுக்கு வேதவாக்கு. ஆனால், 1939 மே மாத ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-வது இதழில் முதன்முதலாகத் தலைகாட்டியபோதே அவன் வில்லனை ஒரு குத்து விட்டு அமிலத் தொட்டியில் தள்ளினான். இவனுக்கு இதுதான் சரியான முடிவு என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லவும் செய்தான்! மறு ஆண்டு, விமானத்தில் பறந்தபடி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டான்.

ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அப்போதுதான் கடிவாளம் போட்டார். இனி துப்பாக்கி கூடாது, கொலை கூடாது. பேட்மேனின் கூட்டாளியாகச் சிறுவன் ராபின் கதைக்குள் வந்துவிட்ட நேரம் அது. வாசகர்களிலும் சிறுவர்கள் ஏராளம். அதே 1940-இல் ‘பேட்மேன்’ முதல் இதழில் ஜோக்கர் செத்துப்போவதாகத்தான் கதை எழுதியிருந்தார்கள். இப்படியொரு வில்லனை அதற்குள் தொலைப்பதா என்று, அவன் பிழைத்துக்கொள்வதாகக் கடைசியில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னவரும் எல்ஸ்வொர்த்தான். பேட்மேனின் அறத்தில் வியாபாரக் கணக்கும் கொஞ்சம் உண்டு.

அந்தக் கணக்குக்கு வட்டி கட்டியவன் இரண்டாவது ராபினான ஜேசன் டாட். 1988-இல் அவன் பிழைக்கலாமா என்று வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர். வேண்டாம் என்றவர்கள் 5,271. ஜோக்கர் கையால் செத்த ஜேசன் பிற்பாடு உயிரோடு திரும்பி வந்து கேட்டான்: மற்றவர்களை விடு, இவன் ஒருவனை மட்டுமாவது ஏன் கொல்லவில்லை? கொல்வது சுலபம், அதனால்தான் செய்யவில்லை; ஒருமுறை இறங்கிவிட்டால் என்னால் மீள முடியாது என்பதுதான் பேட்மேனின் பதிலின் சாரம். நேர்மையான பதில். ஆனால், ஜோக்கர் கையில் அடுத்துச் சாகப்போகிறவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

கொல்லக் கூடாது என்ற விதியை ஒரு நாயகன் மீறலாம் என்றே நினைக்கிறேன். மீறியவன் அதை எப்படிச் சுமக்கிறான் என்பதில்தான் கதை நிற்கும், விழும். ஆலன் மூர் 1986-இல் எழுதிய கதையில் சூப்பர்மேன் ஒரு கொலை செய்கிறான். உடனே தங்க கிரிப்டோனைட் இருக்கும் அறைக்குள் தானே நடந்துபோய்த் தன் சக்தி முழுவதையும் இழக்கிறான். ஜான் பர்ன் 1988-இல் எழுதிய கதையில், ஓர் உலகத்தையே அழித்த மூன்று குற்றவாளிகளுக்கு அவன் மரண தண்டனை நிறைவேற்றுகிறான். அடுத்தடுத்த இதழ்களில் மனம் சிதைந்து, பூமியில் இருக்கவே தகுதியில்லை என்று விண்வெளிக்குப் போய்விடுகிறான்.

2013-இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்திலும், ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியின்றி வில்லன் ஸாடின் கழுத்தைச் சூப்பர்மேன் முறிக்கிறான், கதறுகிறான். கொஞ்ச நேரத்திலேயே, ராணுவ ஜெனரல் முன்னால் ஆளில்லா விமானத்தை வீழ்த்திவிட்டுச் சகஜமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். கழுத்தை முறித்ததைவிட இதுதான் எனக்கு உறுத்தியது.

வொண்டர் உமன் வேறு ரகம். 2005-இல் வந்த கதையில், சூப்பர்மேனின் மூளையைக் கைப்பற்றி ஆட்டிவைக்கிறான் மேக்ஸ்வெல் லார்ட். சத்தியக் கயிற்றால் அவனைக் கட்டி, இதை நிறுத்த என்ன வழி என்று கேட்கிறாள். அந்தக் கயிற்றுக்குள் பொய் வராது. ‘என்னைக் கொல்’ என்கிறான். கொல்கிறாள். அந்தக் காட்சி உலகம் முழுக்க ஒளிபரப்பாகிறது. சூப்பர்மேனும் பேட்மேனும் அவளிடமிருந்து விலகுகிறார்கள். நான் அவள் பக்கம்தான்.